சமைப்பவரும் உடனமரும் விருந்து

பண்டிகை நாளன்று வீட்டார் அனைவரும் மகிழ்ந்திருக்க, ஒருவர் மாத்திரம் அடுப்படியில் நின்று வாடுவது பல நாடுகளுக்கும் பொதுவான காட்சியாகும். விருந்தினர் உண்டு எழும்வரை சுட்டும் பொரித்தும் பரிமாறும் அவர், பந்தி கலைந்த பின்னரே ஆறிப்போன உணவின் முன் அமர்கின்றார். மற்றையோருக்கு விடுமுறையாகிய நாள் அவருக்கு மட்டும் இரட்டிப்பு வேலை நாளாகின்றது.

காலை உணவையும் பகலுணவையும் ஒன்றாக்கி, முற்பகலில் ஒரே விருந்தாக உண்ணும் முறை மேனாடுகளில் உண்டு. இதனைப் 'பிறன்ச்' என்பர். கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1895ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இம்முறையே உகந்ததென வாதிட்டார். ஆறுதலாகத் துயிலெழுந்து, நண்பர்களோடு அளவளாவி உண்பது மனத்திற்கு இதமளிக்கும் என்பது அவர் கருத்து. ஆனால், இரு வேளை ஒரு வேளையானதனால் மட்டும் சமைப்பவரின் சுமை நீங்கிவிடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முட்டை பொரிக்க வேண்டுமாயின் அவர் மீண்டும் அடுப்படிக்கே செல்ல நேரும். முதல் நாளே செய்து வைக்கத்தக்கதும், பலருக்குப் பங்கிடத்தக்கதுமான ஒரு பண்டம் அங்கே தேவைப்படுகின்றது. 'கீஷ்' அத்தகைய பண்டமாகும்.

கீஷ் என்பது உவர்ப்புச் சுவையுடைய ஒரு வகை டார்ட். விளிம்புள்ள தட்டிலே கோதுமை மாவினாலாகிய உறையைப் பரப்பி, முட்டையும் பாலேடும் கலந்த கலவையை அதனுள் ஊற்றிப் போறணையில் வேகவைப்பர். இதன் தாயகம் பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கில், ஜெர்மனியின் எல்லையை அடுத்துள்ள லொறேன் பகுதி. பணியாரத்தைக் குறிக்கும் 'கூகன்' என்ற ஜெர்மன் சொல்லே அவ்வூர்ப் பேச்சு வழக்கில் கீஷ் எனத் திரிந்தது என்பர். பழங்காலத்தில் பாண் சுடுவதற்குப் பிசைந்த மாவே அதற்கு உறையாயிற்று. முட்டை, பாலேடு, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி ஆகியவற்றைக் கொண்டு கிராமத்தார் செய்த எளிய உணவே பின்னர் உலகெங்கும் பரவியது.

அண்மைக் காலத்தில் இவ்வுணவு ஓர் அரச விழாவிலும் இடம்பெற்றது. 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடியபோது, விருந்தினருக்கென ஒரு கோழியிறைச்சி உணவு ஆக்கப்பட்டது. அது முன்கூட்டியே சமைத்து, குளிர்ந்த நிலையில் பரிமாறப்படுவது. 2023ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் முடிசூடியபோது, மறுநாள் அயலவர்கள் தெருத்தோறும் கூடி உண்ணும் விருந்துகளுக்காகக் கீரையும் அவரையும் சேர்ந்த ஒரு கீஷின் செய்முறையை அரண்மனை வெளியிட்டது. சூடாகவும் ஆறிய நிலையிலும் உண்ணலாம், விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம், செய்வதும் கடினமன்று என்பனவே அதனைத் தெரிந்தமைக்குக் கூறப்பட்ட காரணங்கள். சமைப்பவரும் விருந்தில் அமர வேண்டுமாயின், உணவு சமைப்பவரின் வருகைக்காகக் காத்திருக்க வல்லதாதல் வேண்டும் என்ற உண்மை இவ்விரு விழாக்களிலும் விளங்கும்.

அச்செய்முறையின்படி, 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள தட்டிற்கு 125 கிராம் கோதுமை மா, 25 கிராம் வெண்ணெய், 25 கிராம் பன்றிக்கொழுப்பு, சிறிதளவு உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பால் ஆகியன உறைக்கு வேண்டும். பன்றிக்கொழுப்பை விலக்குவோர் அதற்கு ஈடாகவும் வெண்ணெயையே சேர்க்கலாம். வெண்ணெய் குளிர்ந்திருத்தல் அவசியம். அதனை மாவுடன் விரல் நுனிகளால் உதிர்த்துக் கலக்கும்போது கொழுப்பு மாவின் துகள்களைச் சூழ்ந்துகொள்கின்றது. அதனால், நீர்த்தன்மை பட்டதும் மாவின் புரதம் இழுவையுள்ள பசையாக மாறுவது குறைகின்றது. உறை கடினமாகாமல் பொருபொருவென அமைவது இதனாலேயே. பால் சேர்த்த பின் மிகையாகப் பிசையலாகாது. திரட்டிய மாவை அரை மணி நேரம் குளிர்ச்சியில் வைத்து, பின்னர் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டித் தட்டிலே படியவிட வேண்டும்.

புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே தவறுவர். ஈரமான கலவையைப் பச்சை மாவின்மேல் ஊற்றினால், அடிப்பாகம் வேகாது களியாகிவிடும். ஆதலின் உறையின்மேல் தாள் விரித்து, உலர்ந்த பயற்றையோ அரிசியையோ பாரமாக இட்டு, 190 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடம் முதலில் வேகவைத்தல் வேண்டும். பாரம் இல்லாவிடின் உள்ளெழும் நீராவி மாவை உப்பச் செய்துவிடும். பின்னர்ப் போறணையின் வெப்பத்தை 160 பாகைக்குக் குறைக்க வேண்டும்.

வெப்பத்தைக் குறைப்பதற்கும் காரணம் உண்டு. உறைக்குக் கடும் வெப்பம் நன்று. முட்டைக்கோ மெல்லிய வெப்பமே நன்று. பாலும் பாலேடும் கலந்த முட்டை ஏறத்தாழ 80 பாகையில் மென்மையாக இறுகும். அதற்கு மேல் வெப்பம் மிகுந்தால் முட்டையின் புரதம் சுருங்கி, நீரை வெளியேற்றித் திரிந்துவிடும். 125 மில்லிலீற்றர் பால், 175 மில்லிலீற்றர் கொழுப்பு மிகுந்த பாலேடு, இரண்டு முட்டைகள், உப்பு, மிளகு, வாசனைக்கு டாரகன் என்னும் இலை ஆகியவற்றைக் கலந்துகொள்க. 100 கிராம் செடார் பாற்கட்டியைத் துருவி, அதிற் பாதியை உறையினுள் தூவி, வேகவைத்த 180 கிராம் ஸ்பினச் கீரையையும் 60 கிராம் அவரையையும் பரப்பி, கலவையை ஊற்றி, எஞ்சிய பாற்கட்டியை மேலே இடுக. கீரையை நன்கு பிழிந்து சேர்த்தல் வேண்டும். அதன் நீர் இறங்கினால் முயற்சியெல்லாம் வீணாகும். 20 முதல் 25 நிமிடம் இதற்குக் குறிக்கப்பட்ட கால அளவு. எனினும் போறணைக்குப் போறணை வெப்பம் வேறுபடுமாதலின் கண்ணையே நம்புதல் நலம். ஓரம் இறுகி, நடுப்பகுதி மாத்திரம் சற்றே அசையும்போது வெளியே எடுத்துவிடலாம். உள்ளிருக்கும் சூடு எஞ்சிய வேலையை முடித்துவிடும்.

பண்டிகைக்கு முதல் நாள் மாலையில் இதனைச் செய்து முடித்து, ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் விருந்தினர் வரும் வேளையில் 160 பாகை வெப்பத்தில் சிறிது நேரம் சூடாக்கினால் உறை மீண்டும் மொறுமொறுப்படையும். ஒரு கிண்ணம் பச்சிலைக் கலவையும் சில பழங்களும் துணையிருந்தாற் போதும்.

இவ்வளவு எளிதாக ஒரு விருந்தை ஒழுங்கு செய்ய முடியுமாயின், பண்டிகை நாளில் வீட்டார் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்றே: மேசையைச் சுற்றி நாற்காலிகளை இடும்போது சமைத்தவருக்கும் ஒன்றை இட்டு, அவர் வந்து அமர்ந்த பின்னரே முதல் துண்டை வெட்டுதல்.