பள்ளிக்கு முந்திய பள்ளி

ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தாய் ஒருத்தியிடம், "குழந்தை எங்கே?" என்று கேட்டால், "பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறேன்" என்று விடை வரும். குழந்தைக்கு வயது மூன்றுதான். அப் பள்ளிக்கூடம் அரசினர் நடத்தும் அங்கன்வாடியாக இருக்கலாம்; ஆலையை ஒட்டிய குழந்தைகள் காப்பகமாக இருக்கலாம்; கட்டணம் பெறும் எல்.கே.ஜி. வகுப்பாகவும் இருக்கலாம். மக்கள் வழக்கில் எல்லாம் ஒன்றே. ஆயினும் இவை வெவ்வேறு எண்ணங்களிலிருந்து வெவ்வேறு காலங்களில் தோன்றியவை. ஒன்றினிடம் எதிர்பார்க்க வேண்டியதை மற்றொன்றினிடம் எதிர்பார்த்தால், அதனால் துன்புறுவது குழந்தையே. ஆகவே, இத்துறையில் வழங்கும் சில சொற்களின் பொருளை, தமிழகத்தின் இந்த எல்லைப்புறத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் வரும் சொல் ‘முன்பருவக் கல்வி’ என்பது. பிறப்பு முதல் எட்டு வயது வரையுள்ள காலத்தைக் கல்வியியலார் முன்குழந்தைப் பருவம் என்பர். நம் அரசியலமைப்போ ஆறு வயதை எல்லையாக வைத்திருக்கின்றது. 2002 ஆம் ஆண்டின் எண்பத்தாறாம் திருத்தம் 45 ஆம் உறுப்பினை மாற்றி, ஆறு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பேணுதலும் கல்வியும் அளிக்க அரசு முயலவேண்டும் என்று கூறிற்று. பேணுதல், கல்வி என்னும் இரண்டையும் அவ்வுறுப்பு ஒருங்கே வைத்திருப்பது காரணம் பற்றியே. சோறூட்டுவது பேணுதல், எண் கற்பிப்பது கல்வி என்று மூன்று வயதுக் குழந்தையிடம் பிரித்துவிட இயலாது. கை கழுவிய பின்னரே உணவு. உனக்கு ஒரு முட்டை, பக்கத்திலிருப்பவனுக்கு ஒரு முட்டை. எல்லாத் தட்டுகளிலும் வைத்த பின்னரே உண்ணலாம். இவ்வளவில் எண்ணும் அடங்கிற்று, ஒழுங்கும் அடங்கிற்று, பொறுமையும் அடங்கிற்று.

இனி ஊரைப் பார்ப்போம். ஓசூர் என்பதற்குக் கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள். பெயர் பழமையானது, அது பொருத்தமானதோ அண்மைக் காலத்தில்தான். சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கேழ்வரகும் காய்கறியும் விளைந்த நிலத்தில் 1970-களில் சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டையை அமைத்தது. அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்டு பாரவண்டிகளும், டி.வி.எஸ். மொபெட்டுகளும், டைட்டன் கைக்கடிகாரங்களும் இங்கு உருவாயின. தென் மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும், பின்னாளில் ஒடிசா, பீகார் முதலிய தொலை நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். வந்தவர்கள் கைத்தொழிலைக் கொண்டு வந்தனர். கைக்குழந்தையையும் கொண்டு வந்தனர். பாட்டியை மட்டும் ஊரிலேயே விட்டு வந்தனர். கைவீசச் சொல்லியும், சாய்ந்தாடச் சொல்லியும், நிலாவைக் காட்டிக் கதை கூறியும் குழந்தையின் காதையும் நாவையும் பழக்கியவள் பாட்டியே. அவள் இல்லாத வீட்டில் அந்த வேலையை யார் செய்வது?

இக்கேள்வி ஓசூரில் மட்டும் எழுந்ததன்று. உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலும் எழுந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பெற்ற சிறுவர்கள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். கட்டடத்துக்குரியோர் அவர்களை ஓரிடத்தில் இருத்திவைக்க விரும்பி அறை ஒன்றை ஒதுக்கினர். மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் அங்கே தமது முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். உலகப் புகழ்பெற்ற ஒரு கல்விமுறை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் செலவைக் குறைக்க எடுத்த முயற்சியில் பிறந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

அங்கே அம்மையார் கண்ட காட்சி ஒன்று கல்வி நூல்களில் அடிக்கடி பேசப்படுவது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்தினாள், எடுத்தாள், மீண்டும் பொருத்தினாள். நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை இதனையே செய்தாள். மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தும் அவள் கருத்துக் கலையவில்லை. சிறு குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்ற எண்ணம் அன்று ஆட்டங்கண்டது. ஒரு திறனைப் பெறுவதற்கு உடலும் உள்ளமும் தாமாகவே முனைந்து நிற்கும் காலம் ஒன்று உண்டு. அதனை அம்மையார் ‘உணர்திறன் காலம்’ என்றார். பிரம்ம ஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 இல் அவர் சென்னை அடையாற்றிற்கு வந்தார். உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்கி, ஆசிரியர் பலரைப் பயிற்றினார். தொழிலாளர் குழந்தைகளுக்கென்று பிறந்த இம்முறை நம் நகரங்களில் செல்வர் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் போய் ஒட்டிக்கொண்டது விந்தையே.

எல்.கே.ஜி. என்பதிலுள்ள கே.ஜி. ‘கிண்டர்கார்ட்டன்’ என்னும் செருமானியச் சொல்லின் சுருக்கம். குழந்தைத் தோட்டம் என்பது அதன் பொருள். 1837 இல் அத்தகைய பள்ளியைத் தொடங்கி, 1840 இல் அதற்கு இப்பெயரை இட்டவர் பிரடெரிக் பிரோபல். அவர் குழந்தைகளின் கையில் கொடுத்தவை பந்தும் மரக்கட்டைகளுமே. எழுத்துப் புத்தகம் அன்று.

‘அங்கன்வாடி’ என்பதோ நம் நாட்டுச் சொல். அங்கணம் என்றால் முற்றம். தாராபாய் மோடக் அம்மையார் 1945 இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் ஊரில் பணியாற்றியபோது, ஏழைக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வாராமை கண்டு, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்திற்குக் கொண்டு சென்றார். 1975 அக்டோபர் 2 ஆம் நாள் நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கியபோது, அதன் நிலையங்களுக்கு இப்பெயரே நிலைத்தது. தமிழகத்தில் இத்திட்டம் முதலில் கால்கொண்ட மூன்று இடங்கள் சென்னை, நிலக்கோட்டை, ஓசூரை அடுத்த தளி என்பன. இணை உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல் மருத்துவத்திற்கு அனுப்புதல், தாய்மார்க்கு ஊட்டச்சத்துப் போதனை, முன்பருவக் கல்வி என ஆறு பணிகள் இந்நிலையங்களுக்கு உண்டு. மக்கள் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் உணவே. ஆறாவது பணி மறைந்தே நிற்கின்றது.

"அங்கே எழுத்து ஒன்றும் கற்பிப்பதில்லை, விளையாட விடுகிறார்கள்" என்பது பெற்றோரின் குறை. கையிலிருக்கும் காசைக் கூட்டி எல்.கே.ஜி. வகுப்பை நாடுவதும் இதனாலேயே. 2019 இல் தமிழக அரசே 2,381 அங்கன்வாடி நிலையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியதும் இந்த வேட்கையை அறிந்துதான். இங்கே தெளிய வேண்டிய சொல் ‘ஆயத்தம்’. மனித மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. மூன்று வயதில் அவற்றுள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு ஏட்டில் எழுதச் செய்வது, முளைவிட்ட நாற்றில் கதிரைத் தேடுவது போன்றது. களிமண் பிசைதல், தாளைக் கிழித்தல், நூலில் மணி கோத்தல், புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் இடுதல் ஆகியவை விரல்களை வலுப்படுத்துகின்றன. எழுதும் கை இவ்வாறுதான் உருவாகின்றது. விளையாட்டே அவ்வயதின் பாடம். தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்திற்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பெயரிட்டதும் இக்கருத்துப் பற்றியே.

அறிவு வளரும் வகையை விளக்கியோருள் இருவர் தலைசிறந்தவர். இருவரும் 1896 இல் பிறந்தவர்கள். சுவிட்சர்லாந்தினரான பியாஜே காட்டிய சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் நீரைச் சமமாக ஊற்றி, அவற்றுள் ஒன்றிலிருப்பதை ஒடுங்கிய உயரமான பாத்திரத்தில் மாற்றுங்கள். எதில் நீர் மிகுதி என்று கேட்டால், நான்கு வயதுக் குழந்தை உயரமானதையே காட்டும். அது மூடத்தனம் அன்று. அப்பருவத்தின் காணும் முறை. இரஷ்யரான வைகாட்ஸ்கி, குழந்தை தானே செய்யக்கூடியதற்கும் பிறர் துணையால் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட வெளியில்தான் கற்றல் நிகழ்கின்றது என்றார். அத்துணையைப் பின்வந்த அறிஞர் ‘சாரம்’ என்றனர். கட்டடம் எழும்பும்வரை சாரம் நிற்கும். சுவர் தானே நின்றபின் அவிழ்க்கப்படும். புதுக் கட்டடங்கள் நாள்தோறும் எழும் ஓசூரில் இவ்வுவமைக்கு உரை வேண்டா.

எல்லாவற்றினும் அரிய சிக்கல் மொழியைப் பற்றியது. தளி, கெலமங்கலம், பாகலூர்ப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும். நாம் களி என்பது கன்னட வீட்டில் முத்தெ. தெலுங்கு வீட்டில் சங்கடி. உருண்டை ஒன்றே, பெயர் மூன்று. தண்ணீர் வேண்டிய குழந்தைகளுள் ஒன்று ‘நீள்ளு’ என்னும். ஒன்று ‘நீரு’ என்னும். ஒன்று ‘பானி’ என்னும். கேட்பவர்க்குப் புரியாவிடில் குழந்தை இரண்டொரு முறை கேட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். பிறகு எதையுமே கேட்காது.

இவ்வாறு பேச்சு நின்ற நிலைக்கு நூலோர் ‘மௌனக் காலம்’ என்று பெயரிட்டுள்ளனர். புதிய மொழி சூழ்ந்த இடத்தில் விடப்பெற்ற குழந்தை, சில வாரங்களோ சில மாதங்களோ வாய் திறவாமல் இருக்கும். ஆனால் அதன் செவி உறங்குவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் பொருளோடு சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். இதனை அறியாதவர், "இக்குழந்தை மந்தம்" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அச்சொல் ஏட்டில் ஏறாவிட்டாலும் ஆசிரியரின் பார்வையில் ஏறிவிடும். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கும், கடைசி வரிசையிலிருந்து தெருவுக்கும் அது குழந்தையைத் தள்ளிவிடக் கூடும்.

அங்கன்வாடிப் பணியாளர் அவ்வூர்ப் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்று திட்டம் வகுத்தோர் விதித்ததன் அருமை இங்கே விளங்கும். அவர் முதலில் குழந்தையின் வீட்டு மொழியில் விடை தருவார். உடனே அதனைத் தமிழிலும் சொல்வார். ‘நீள்ளு’ கேட்ட குழந்தையின் கையில் டம்ளரைக் கொடுத்துக்கொண்டே ‘தண்ணீர்’ என்பார். 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கித் தமிழைக் கட்டாய பாடமாக்கிற்று. எனவே, பிறமொழி வீட்டுக் குழந்தை தமிழை அச்சமின்றிச் சந்திக்கும் முதல் இடம் அங்கன்வாடியே. வீட்டு மொழியை வாயிலில் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னால், குழந்தை இரண்டு மொழிகளிலும் ஊமையாகும். முன்னதன் மேல் நின்றுதான் பின்னதை எட்ட இயலும்.

எஞ்சியது ‘காப்பகம்’ என்னும் சொல். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதின்மருக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் ஆறு வயதிற்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 1976 இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017 இல் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம், ஆண் பெண் என்று பாராமல் ஐம்பது ஊழியர் உள்ள நிறுவனம் ஒவ்வொன்றும் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் விதித்தது. பெரிய ஆலைகளுக்கு இது பொருந்தும். பத்துப் பேர் வேலைசெய்யும் பட்டறைக்கும், ரோசாத் தோட்டத்துக்கும், கட்டட வேலைக்கும் எட்டாது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் ‘பால்னா’ திட்டத்தை மத்திய அரசு 2022 இல் வகுத்தது. ‘பால்னா’ என்னும் இந்திச் சொல்லுக்குத் தொட்டில் என்பது பொருள்.

அத்தொட்டில் எட்டாத தெருக்களில், ஒரு வயதுக் கைக்குழந்தைக்கு அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வரும். பகல் முழுதும் இருக்க இடம் கிடையாது. தாய் வேலைக்குப் போனபின் அதனை இடுப்பில் வைத்துக்கொண்டு திண்ணையில் நிற்பவள் பத்து வயதுத் தமக்கை. அந்த வேளையில் அவள் இருக்கவேண்டிய இடம் ஐந்தாம் வகுப்பு.