அன்று வீரம், இன்று தீர்ப்பு

1990இல் இலங்கையின் வடக்கே போர் மறுபடி மூண்டபோது, இருபது வயது நிரம்பாத மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். 1972இல் பிறந்த மலரவன் விடுதலைப் புலிகளின் அணியோடு மாங்குளம் ராணுவ முகாம் தாக்குதலுக்குப் போனார். மன்னார்ப் பக்கத்துப் பையன் பத்திநாதன் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார். பரந்தனில் அதே 1972இல் பிறந்த தமிழினி அடுத்த ஆண்டு அதே இயக்கத்தில் சேர்ந்தார். மூவரும் எழுதினார்கள். மூன்று நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால், எழுத்து மாறியது போலவே நாம் படிக்கும் விதமும் மாறியிருப்பது தெரிகிறது.

அன்றைய நூல் மலரவனின் 'போர் உலா'. 1992இல் அவர் களத்தில் இறந்த பிறகு கிடைத்த கையெழுத்துப் பிரதியை இயக்கமே அச்சிட்டது. மாங்குளம் போகும் வழியில் பார்த்த காடு, ஊர்கள், சனங்களின் வறுமை எல்லாம் அதில் உண்டு. போரின் நியாயம் பற்றிய கேள்வி மட்டும் கிடையாது. நடந்ததைத் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் ஆயுள் வேண்டும். அது அவருக்கு வாய்க்கவில்லை.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில், 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் ஐயங்கார்குளம் மாதிரி ஊர்களில்கூட ஈழம் வீட்டுப் பேச்சாக இருந்தது. 1991 மே 21 அதை மாற்றியது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட திருப்பெரும்புதூர் எங்களுக்குக் காஞ்சிபுரத்தில் பஸ் மாறிப் போகிற தூரம். அதன்பின் டீக்கடையில் அந்தப் பேச்சை எடுக்கவே ஆட்கள் தயங்கினார்கள். 1992இல் புலிகளுக்குத் தடை வந்தது. அகதி முகாம்களில் கெடுபிடி கூடியது.

அந்தக் கெடுபிடிக்குள் வளர்ந்தவர் பத்திநாதன். மதுரையை அடுத்த உச்சப்பட்டி முகாமில் வாழ்ந்த அவரது 'போரின் மறுபக்கம்' 2007இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. துப்பாக்கி தூக்காத ஓர் இளைஞனைப் போர் என்ன செய்தது என்பதே அதன் சங்கதி. ஒரே அறையில் மொத்தக் குடும்பம், உதவித்தொகைக்கு வரிசை, தலை எண்ணும் செக்கிங், வெளியே போனால் போலீஸ் விசாரணை என்று போகிற நாட்கள். செக்கிங் நாளில் ஆள் இல்லையென்றால் பதிவு போய்விடும். பதிவு போனால் உதவித்தொகையும் போய்விடும். வீரத்தைத் தேடி ஈழத்தைப் படித்தவர்கள் இந்த நூலைத் தாண்டிப் போனதில் வியப்பில்லை.

தமிழினி புலிகளின் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளர் ஆனார். போர் முடிந்த 2009 மே மாதம் சனத்தோடு சனமாக வெளியேறிக் கைதானார். சிறை, புனர்வாழ்வு முகாம் எல்லாம் கடந்து 2013இல் விடுதலையானார். 2015 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். 2016இல் வந்த 'ஒரு கூர்வாளின் நிழலில்' மலரவன் கேட்காத கேள்விகளைக் கேட்டது. போரின் கடைசிக் கட்டத்தில் வலுக்கட்டாயமாகப் பிள்ளைகளைப் பிடித்துச் சேர்த்ததையும், அதில் தன் தரப்புக்கு இருந்த பொறுப்பையும் பேசியது. சிங்களத்திலும் பலர் படித்தார்கள். தமிழில் கிளம்பிய சண்டை வேறு: துரோகம் என்றது ஒரு கூட்டம், இடைச்செருகல் இருக்கிறது என்றது இன்னொரு கூட்டம், பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று கைதட்டியது மூன்றாவது கூட்டம்.

எழுதியவரை இப்படி விசாரிப்பது நம்மவர்க்கு மட்டும் வாய்த்ததல்ல. பதின்மூன்று வயதில் சியரா லியோன் ராணுவத்துக்குள் இழுக்கப்பட்டதாகச் சொன்ன இஷ்மயேல் பேயா 2007இல் தன் கதையை எழுதினார். மறு ஆண்டே, அவர் சொன்ன தேதிகள் சரிதானா என்று ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று துருவியது. தேதியைச் சரிபார்ப்பது நியாயமே. ஆனால் உயிருக்கு ஓடும் பிள்ளை காலண்டர் பார்த்துக்கொண்டா ஓடும்?

அன்று வீரத்தைத் தேடினோம். இன்று தீர்ப்பைத் தேடுகிறோம். இரண்டிலும் நாம் மறப்பது, துப்பாக்கி கைக்கு வந்தபோது, படகில் ஏறியபோது அவர்களுக்கு என்ன வயது என்பதை.

2021இல் அகதி முகாம்கள் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறின. அங்கேயே பிறந்து வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடியுரிமை இன்னும் இல்லை. நாளை அவர்கள் எழுதினால் அதில் குண்டுச் சத்தம் இருக்காது, செக்கிங் இருக்கும். எந்தக் கட்சிக்காரர் என்று கேட்காமல் அந்த நூலைப் படிக்க, இந்த மூன்றையும் வைத்து இப்போதே பழகிக்கொள்ளலாம்.