கண்ணில் படாத விலங்கைக் காத்தல்: பாக் விரிகுடாவின் கடற்பசுக்கள்

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தில், அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை பரந்து கிடக்கும் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென்றே அமைக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுவே. காட்டில் ஒரு சரணாலயத்தை அறிவித்தால் எல்லைக்கல் நடலாம், யானையின் இலத்தியையும் புலியின் காலடியையும் பின்தொடரலாம், மரத்தில் ஒளிப்படக் கருவியைக் கட்டி வைக்கலாம். கலங்கிய ஆழமற்ற கடலில் இவை எதற்கும் இடமில்லை என்பதால், அங்கே வாழும் ஒரு விலங்கைக் கண்காணிக்கும் முறைகளை ஏறத்தாழ அடிப்படையிலிருந்தே உருவாக்க வேண்டியிருந்தது.

மீனவர்கள் ஆவுளியா என்றும் அழைக்கும் கடற்பசு, உருவத்தில் ஓங்கிலை நினைவூட்டினாலும் ஓங்கிலுக்கோ திமிங்கிலத்துக்கோ நெருங்கிய உறவுடையதன்று. இன்று வாழும் விலங்குகளில் அதற்கும் அதன் இனத்தாருக்கும் மிக நெருங்கியவை யானைகளே. ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும் இப்பாலூட்டி, கடலடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து, மூக்குத்துளைகளை மட்டும் வெளியே நீட்டி மூச்சிழுத்துக்கொண்டு மீண்டும் அடியில் இறங்கிவிடுகிறது. ஓங்கிலைப் போலத் துள்ளுவதோ, கூட்டமாகப் படகைத் தொடர்வதோ அதன் இயல்பன்று. இதன் மிக நெருங்கிய உறவாகிய ஸ்டெல்லர் கடற்பசு, பசிபிக் பெருங்கடலின் வடகோடியில் 1741-இல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்து, வேட்டையால் 1768-க்குள் முற்றாக அழிந்துபோனது. கண்டறியப்பட்ட ஒரு பேருயிர் 27 ஆண்டுகளுக்குள் இல்லாமற்போன இந்த வரலாறு, இக்குடும்பத்தில் எஞ்சியிருக்கும் உயிர்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் மறக்கத்தகாதது.

கடற்பசு எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் ஒரு பெண் கடற்பசு முதற்கன்றை ஈனுவதற்குக் குறைந்தது ஆறு ஆண்டுகளும், உணவு குறைந்த இடங்களில் பதினேழு ஆண்டுகள் வரையும் ஆகின்றன. கருக்காலம் ஓராண்டுக்கு மேல், ஓர் ஈற்றுக்கு ஒரே கன்று, இரண்டு ஈற்றுகளுக்கு இடையே மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாம் நன்றாக அமைந்த காலத்திலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பெருகாது என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். இந்தியக் கடல்களில், அதாவது கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள், பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சேர்ந்த பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே என்றும், அவற்றுள் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கடலில் இருப்பதாகவும் மதிப்பிடப்படுகிறது. இருநூறு விலங்குகள் கொண்ட கூட்டம் மிக நல்ல ஆண்டிலேயே பத்துதான் கூடும் என்றால், வலையில் சிக்கி இறக்கும் வளர்ந்த பெண் விலங்குகள் ஆண்டுக்கு மூன்று நான்காக இருந்தாலும் அக்கூட்டம் மெல்லத் தேயத் தொடங்கக்கூடும். கண்காணிப்பின் தேவை முழுவதும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது: ஓரிரு உயிர்களின் இழப்பையும் உணரத்தக்க அளவு நுண்மை அதற்கு வேண்டும், கடலில் அத்தகைய நுண்மை மிக அரிது.

வானிலிருந்து எண்ணும் முறை ஆஸ்திரேலியாவில் ஹெலன் மார்ஷ் என்ற உயிரியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் செம்மைப்படுத்தியதாகும். சிறு விமானம் ஏறத்தாழ 137 மீட்டர் உயரத்தில் நேர்கோடுகளில் பறக்க, இருபுறமும் அமர்ந்த பார்வையாளர்கள் 200 மீட்டர் அகலக் கீற்றுக்குள் தென்படும் விலங்குகளைப் பதிவு செய்வார்கள். இதில் இருவகைப் பிழைகள் நேரும். விலங்கு நீருக்குள் ஆழமாக இருப்பதால் எவர் கண்ணுக்கும் தெரியாமற்போவது ஒன்று. தெரியும்படி இருந்தும் பார்வையாளர் அதைத் தவறவிடுவது மற்றொன்று. இரண்டாவது பிழையை அறிய, ஒரே பக்கத்தில் இரண்டு பார்வையாளர்களை ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி அமர்த்தி, இருவரும் கண்டவை எத்தனை, ஒருவர் மட்டுமே கண்டவை எத்தனை என ஒப்பிட்டு, இருவருமே தவறவிட்டவற்றின் அளவைக் கணக்கிடுகின்றனர். முதற்பிழைக்கான தீர்வு இன்னும் நுட்பமானது: கடற்பசுவின் உருவில் செய்த பொம்மைகளை வெவ்வேறு கலங்கல் உள்ள நீரில் படிப்படியாக இறக்கி, எந்த ஆழத்தில் அவை மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மறைகின்றன என்று குறித்துக்கொண்டு, உயிருள்ள கடற்பசுக்களின் உடலில் பொருத்திய ஆழமானிகளிலிருந்து அவை அந்த ஆழத்துக்கு மேலே எவ்வளவு நேரம் செலவிடுகின்றன என்று அறிந்து, இரண்டையும் சேர்த்துத் திருத்தக் காரணியைப் பெறுகிறார்கள். கண்ட ஒன்றை வைத்துக் காணாதவற்றை நேர்மையாக மதிப்பிடும் இந்த வழி, கடல் உயிரியலின் அழகான சிந்தனைகளுள் ஒன்று என்றே சொல்லத் தகும்.

பாக் விரிகுடாவில் அண்மைக் காலமாக விமானத்தின் வேலையை ட்ரோன் ஏற்றுள்ளது. குறித்த உயரத்தில் குறித்த பாதையில் பறந்து தொடர்ச்சியாகப் படமெடுப்பதால், ஐயம் எழும்போது படத்தைத் திரும்பப் பார்க்கலாம். தாயுடன் கன்று நீந்துகிறதா என்றும் உறுதிசெய்யலாம். எனினும் மின்கலம் தாங்கும் நேரம் குறைவு, வெயில் ஏறினால் நீரின் பளபளப்பு படத்தை மறைத்துவிடும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சேறு கலங்கிவிடும். ஆகையால் காற்று ஓய்ந்த காலைப்பொழுதுகளே இதற்கு உகந்தவை. அத்தகைய பொழுதுகளிலும் ஒன்றுமே தென்படாத பறத்தல்கள் உண்டு. அவையும் கணக்கில் சேர வேண்டிய தரவுகளே.

விலங்கு தென்படாதபோதும் அதன் மேய்ச்சல் தடம் தென்படும். கடற்புல் என்பது பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. வேரும், மண்ணுக்குள் படரும் தண்டும், பூவும், விதையும் உடைய உண்மையான நிலத்தாவர மரபினது அது. கடற்பசு தன் தடித்த, தசை மிகுந்த, முட்கள் போன்ற மயிர் அடர்ந்த மேலுதட்டைத் தரையில் அழுத்தி, இலையை மட்டுமன்றி மண்ணுக்குள் உள்ள தண்டையும் வேரையும் சேர்த்தே பெயர்த்து உண்பதால், புல்வெளியின் நடுவே ஒரு சாண் அகலத்தில் வளைந்து வளைந்து செல்லும் வெறுந்தரைக் கோடு உண்டாகிறது. வளர்ந்த விலங்கு ஒரு நாளில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை புல்லை உண்ணும் என்பதால் இக்கோடுகள் கணிசமானவை. ஹாலோபிலா, ஹாலோடியூல் ஆகிய மென்மையான, நார் குறைந்த பேரினங்களின் புற்களையே அது விரும்புகிறது. நீண்ட இலையுடைய என்ஹாலஸ் போன்றவற்றில் இலைநுனியை மட்டும் கடித்துச் செல்வதால் அங்கே தடம் விழுவதில்லை. ஆய்வாளர்கள் மூச்சுக்குழாய் பொருத்தி நீரில் மிதந்தபடி தடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் புல் மூடிய விழுக்காட்டையும் இலையின் உயரத்தையும் குறிக்கின்றனர். விளிம்பு கூர்மையாக இருந்தால் தடம் புதியது. மணல் சரிந்து ஓரத்திலிருந்து புதுத் தண்டுகள் நுழையத் தொடங்கியிருந்தால் பழையது. எத்தனை கடற்பசுக்கள் என்று தடம் சொல்லாது. எந்தப் புல்வெளியை எந்தப் பருவத்தில் அவை நாடுகின்றன என்பதை வேறெந்தக் கருவியையும்விடத் தெளிவாகச் சொல்லும், பாதுகாப்பகத்தின் ரோந்தை எங்கே அடர்த்தியாக்குவது என்ற முடிவுக்கு அதுவே போதும்.

கரையொதுங்கும் உடல்களும் கண்காணிப்பின் ஒரு பகுதியே. வன உயிரின மருத்துவர் உடலை அளந்து, பாலினம் குறித்து, தோலில் வலைக்கயிற்றின் வடு உள்ளதா, நுரையீரலில் மூச்சுத்திணறலின் அடையாளம் உள்ளதா, இரைப்பையில் எந்தப் புல் உள்ளது என்று பார்க்கிறார். தந்தத்தை அறுத்து, ஆண்டுக்கொன்றாகப் படிந்த வளர்ச்சி வரிகளை எண்ணி வயதையும் அறிகின்றனர். இறந்தது ஐம்பது வயதுப் பெண்ணா, கன்று ஈனத் தொடங்கும் பருவத்துப் பெண்ணா என்பதைப் பொறுத்து அந்த இழப்பின் பொருளே மாறிவிடுகிறது.

இவ்வளவு கருவிகளுக்குப் பிறகும், இக்கடலில் நாள்தோறும் கண்விழித்திருப்பவர்கள் மீனவர்களே. கடற்பசுவுக்கு இன்று பெரும் ஆபத்து வேட்டையன்று, தற்செயலாகச் சிக்குவதுதான். மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி நீரில் சுவர்போல் நிறுத்தப்படும் செவுள் வலையும், பெரிய கண்ணியுடைய திருக்கை வலையும் புல்வெளிக்கு அருகே கிடக்கும்போது, மூச்சிழுக்க மேலே வர முடியாமல் சில நிமிடங்களிலேயே விலங்கு மூழ்கி இறக்கிறது. வலையை உரிய நேரத்தில் இழுப்பவர் அதை அறுத்து விடுவித்தால் மட்டுமே அது பிழைக்கும். அறுபடும் வலை அவருடைய முதலீடு. இதை உணர்ந்தே, விடுவித்ததற்கான காணொளியோ ஒளிப்படமோ காட்டும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் பாராட்டும் வழங்குகிறது. 2016 முதல் இந்திய வன உயிரின நிறுவனம் நடத்திவரும் கடற்பசு மீட்புத் திட்டம், கடலோர ஊர்களில் தன்னார்வலர் வலையமைப்பை ஏற்படுத்தியது. ஒவ்வொரு விடுவிப்பும் ஓர் உயிரைக் காப்பதோடு, இடம், நாள், வலையின் வகை, விலங்கின் அளவு ஆகியவற்றோடு கூடிய பதிவாகவும் ஆகிறது. ஆயிரக்கணக்கான ரூபாய் செலவிட்டுப் பறக்கவிடும் ட்ரோனைவிட, வலையை அறுத்த மீனவர் தரும் இத்தகைய பதிவே பல நேரங்களில் மதிப்பு மிக்கது.

மீனவர்களின் பங்கு இவ்வளவு இன்றியமையாதது என்பதால்தான் இப்பகுதிக்குத் தேசியப் பூங்கா என்ற தகுதியன்றி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் உருவாக்கிய பாதுகாப்பகம் என்ற தகுதி பொருத்தமாக அமைந்தது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவில் மனித நடமாட்டம் சட்டத்தால் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. மாறாக, பாதுகாப்பகத்தை அறிவிப்பதற்கு உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்பதும், அவர்களுடைய உரிமைகளைப் பாதிக்காமலிருப்பதும், ஊராட்சிப் பிரதிநிதிகள் இடம்பெறும் மேலாண்மைக் குழு அமைப்பதும் சட்டத்தின் தேவைகள். கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற தமிழ்நாட்டு விதியும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் ஆண்டுத் தடைக்காலமும் உண்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டால், இழுவை மடியால் கடற்புல் வேரோடு பெயர்வது பெரிதும் குறையும். பெயர்ந்த இடங்களில், மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிற்றால் தண்டுகளைக் கட்டி ஊன்றும் முறையில் ஓம்கார் அறக்கட்டளை மல்லிப்பட்டினம் பகுதியில் புல்வெளிகளை மீட்டு வருகிறது.

பாக் விரிகுடாவின் மறுகரை இலங்கையின் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஆகும். ஆஸ்திரேலியாவில் வாலடியில் செயற்கைக்கோள் கருவி கட்டி விடப்பட்ட கடற்பசுக்களுள் சில ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணித்தது பதிவாகியுள்ள நிலையில், சில பத்துக் கிலோமீட்டர் அகலமே உள்ள இவ்விரிகுடாவின் இரு கரைகளிலும் மேய்வது ஒரே கூட்டமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. இரு நாடுகளும் ஒரே பருவத்தில், ஒரே உயரத்தில், ஒரே திருத்தக் காரணியோடு பறந்து எண்ணினாலன்றி, எல்லையைக் கடந்த விலங்கு இருமுறை எண்ணப்படவோ, எவராலும் எண்ணப்படாமற்போகவோ இடமுண்டு.