கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

பெங்களூரில் கடல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இந்த நகரம் இருக்கிறது. ஆனால் இங்கே குழாயில் வரும் தண்ணீருக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. எப்படி?

பெங்களூருக்கு 1974 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாய் வழியே மேட்டில் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். அதே காவிரி தமிழ்நாட்டிலும் ஓடுகிறது. திருச்சிக்கு அருகே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. மற்றொரு கிளையான கொள்ளிடம் பழையாறு என்ற மீனவ ஊருக்கு அருகே கடலில் சேர்கிறது.

“ஆற்றுத் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே” என்று பலர் சொல்வார்கள். அது சரியா?

ஆறு கடலில் சேரும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். நம் கிழக்குக் கடற்கரையில் கடல் தினமும் இரண்டு முறை ஏறும். இரண்டு முறை வற்றும். ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் நுழையும். ஆற்று நீர் அதை எதிர்த்துத் தள்ளும். ஆற்றில் நீர் நிறைய வந்தால் உப்பு பின்வாங்கும். கோடையில் நீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் கடல்நீர் கனமானது. நல்ல தண்ணீர் மேலே ஓடும். உப்புநீர் அடியில் ஊர்ந்து வரும். மேலாக மொண்டு பார்த்தால் தெரியாது. கிணறு உப்புக் கரிக்கும்போதும், நெற்பயிர் கருகும்போதும்தான் தெரியும்.

உப்பு எவ்வளவு தூரம் ஏறும் என்று முன்பே அறிய முடியுமா? முடியும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

வீட்டு வரவு செலவுக் கணக்கு உங்களுக்குத் தெரியும். இதுவும் அது போன்றதுதான். ஆற்றைப் பல கட்டங்களாகப் பிரித்துக் கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு உப்பு வந்தது? எவ்வளவு போனது? மீதி எவ்வளவு? சில நிமிடங்களுக்கு ஒரு முறை என்று மாதக்கணக்கில் இதைக் கணக்கிட வேண்டும். கையால் முடியாது. கம்ப்யூட்டர் செய்யும்.

கணக்குக்கு நான்கு விவரங்கள் முக்கியம். ஆற்றில் வரும் நீரின் அளவு, கடல் ஏறும் உயரம், ஆற்றின் அகலம், ஆற்றின் ஆழம். பிறகு படகில் போய், மேலேயும் அடியிலேயும் தண்ணீர் எடுத்து உப்பை அளக்கிறார்கள். கணக்கும் அளவும் பொருந்தினால் நம்பலாம். பொருந்தாவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டும்.

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்திலும் விஞ்ஞானிகள் கடலின் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு ஆராய்கிறார்கள். கணக்குப் போடக் கடற்கரையிலேயே குடியிருக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கிடம் கேள்வி கேட்கலாம். ஆற்று நீர் பாதியாகக் குறைந்தால்? மணல் அள்ளி ஆறு ஆழமானால்? கடல் மட்டம் உயர்ந்தால்? மூன்றிலும் உப்பு இன்னும் உள்ளே வரும். எந்த ஊர் வரை வரும் என்பதைக் கணக்கு சொல்லும். தடுப்பணை எங்கே கட்டலாம் என்றும் முடிவு செய்யலாம்.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி. தண்ணீரைப் பங்கிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. இதில் ஆற்றின் சூழலைக் காக்க 10 டி.எம்.சி., கடலுக்குப் போவதற்கு 4 டி.எம்.சி. என்று ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018இல் பெங்களூரின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. கூடுதலாகத் தந்தது. அப்போதும் இந்த 14 டி.எம்.சி.யில் கை வைக்கவில்லை.

வெள்ளக் காலத்தில் ஓடும் நீரில் ஒரு பகுதியைத் தேக்கி வைக்கலாம். ஆனால் முழுவதையும் நிறுத்திவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். கடலுக்குப் போகும் தண்ணீர் கடைமடை வயலுக்கும் கிணற்றுக்கும் காவல்.

“தண்ணீர் வீணாகிறது” என்று இனி யாராவது சொன்னால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?