பிரஷ் கோடு எங்கே போகிறது?

ஏப்ரல் மாதக் கடைசியில் இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்குச் சென்றால், வழக்கமான மீன் ஏலக் கூச்சல் அடங்கியிருக்கும். சுத்தியல் ஓசையும் பெயிண்ட் நெடியும்தான் வரவேற்கும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை அமலில் இருக்கும் காலம் அது. முன்பு 45 நாளாக இருந்த இத்தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. வருமானம் இல்லாத இந்த நாள்களில்தான் படகுக்காரருக்குப் பெருஞ்செலவும் வருகிறது. பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, தடை முடிந்ததும் படகு கடலில் இறங்கியாக வேண்டும்.

என் மாணவர் சிலருடன் அங்கே சென்றிருந்தேன். வயதான பெயிண்டர் ஒருவர் படகின் பக்கவாட்டில் நீலம் அடித்துக்கொண்டிருந்தார். அடித்தவுடன் பிரஷின் மயிர்க்கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கோடுகளைக் காணோம், கண்ணாடிபோல் மின்னியது. ஆசையால் ஒரு மாணவன் பிரஷை வாங்கிப் பலகைத் துண்டொன்றில் அடித்தான். கோடு தெரிகிறதே என்று சற்றுப் பொறுத்து மறுபடியும் தேய்த்தான். அவன் தேய்த்த இடம் வரிவரியாகவே காய்ந்தது. பெயிண்டர் சிரித்தார்: "அது தானா சரியாவும் தம்பி. நீ கை வைக்காம இரு."

தானாகச் சரியாவது எப்படி? இது இயற்பியல் கேள்வி. வெறும் அழகைப் பற்றிய கேள்வியும் அன்று. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும். வெயிலும் உப்புநீரும் முதலில் துளைப்பது அந்த இடத்தைத்தான்.

மேட்டை அழுத்தும் விசை

நீர்த்துளி உருண்டையாவது பரப்பு இழுவிசையால் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். திரவத்தின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போலத் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ள முயல்கிறது. மேடும் பள்ளமுமான பரப்பைவிடச் சமதளத்தின் பரப்பு குறைவு. எனவே பரப்பு இழுவிசை மேட்டை அழுத்துகிறது; பெயிண்ட் பள்ளத்திற்கு ஓடுகிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். எனாமல் பெயிண்டுக்கு ஏறக்குறைய 0.03 நியூட்டன். சிறிய விசைதான், ஆனால் கோடும் சிறியதல்லவா!

இந்த ஓட்டத்தைத் தடுப்பது பெயிண்டின் பாகுத்தன்மை. தண்ணீர் நொடியில் சமமாகிறது. தேன் தயங்கித் தயங்கிச் சமமாகிறது.

நான்காம் படி கணக்கு

கோடு மறைய எவ்வளவு நேரமாகும்? ஆர்ச்சர்ட் என்பவர் 1962-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி, பாகுத்தன்மை இரு மடங்கானால் நேரமும் இரு மடங்காகும். பூச்சின் தடிமன் பாதியானால் நேரம் 8 மடங்காகும். ஒரு கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் உள்ள இடைவெளி இரு மடங்கானால் நேரம் 16 மடங்காகும்! அதாவது நேரம் இடைவெளியின் நான்காம் படியைப் பொறுத்தது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பெயிண்ட் தேனைப்போல் 10 பாஸ்கல்-வினாடி பாகுத்தன்மை உடையது என்றும், ஈரப்பூச்சின் தடிமன் 50 மைக்ரான் என்றும் கொள்வோம். கோடுகளின் இடைவெளி 2 மில்லிமீட்டரானால், மேட்டின் உயரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய 80 வினாடி போதும். இடைவெளி 1 மில்லிமீட்டரானால் 5 வினாடி. 4 மில்லிமீட்டரானால் 20 நிமிடத்திற்கும் மேல்! அதற்குள் பெயிண்ட் இறுகத் தொடங்கிவிடும், கோடு நிலைத்துவிடும்.

தின்னர் ஊற்றினால் என்ன?

அப்படியானால் தின்னரைத் தாராளமாக ஊற்றிப் பாகுத்தன்மையைக் குறைக்கலாமே? தடிமனாக அடிக்கலாமே? இங்கேதான் சிக்கல். படகின் பக்கம் செங்குத்தானது. புவியீர்ப்பு பெயிண்டைக் கீழே இழுக்கிறது. தின்னர் சேர்த்தால் கோடு எத்தனை மடங்கு வேகமாக மறைகிறதோ, அத்தனை மடங்கு வேகமாகப் பெயிண்ட் வழியவும் செய்கிறது. தடிமனை இரட்டித்தால் கோடு 8 மடங்கு விரைவில் மறையும். வழிந்தோடும் அளவும் அதே 8 மடங்காகும். ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கிக்கொள்வது போன்றது இது.

கோடுகளின் இடைவெளி ஒன்றுதான் இந்தச் சிக்கலில் சேராதது. அதைக் குறைத்தால் கோடு விரைவில் மறையும், வழிதல் கூடாது. மென்மையான, நெருக்கமான மயிருள்ள நல்ல பிரஷுக்குப் பெயிண்டர் காசு செலவழிப்பது இதனால்தான். பெயிண்டைப் பரப்பிய பின், பிரஷின் நுனி மட்டும் படும்படி, புதிதாக அடித்த இடத்திலிருந்து பழைய ஈர ஓரத்தை நோக்கி அவர் மெல்ல வருடிவிடுகிறார். அந்தக் கடைசி வருடலில் அகலக் கோடுகள் நுண்கோடுகளாகின்றன. மிச்ச வேலையைப் பரப்பு இழுவிசை பார்த்துக்கொள்ளும். தேவையான கனத்தை ஒரே பூச்சில் ஏற்றாமல் இரண்டு மூன்று பூச்சாக அடிப்பதும் வழிதலைத் தவிர்க்கத்தான்.

கடிகாரத்தோடு போட்டி

கோடு மறைவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் திருடும் கள்வர் இருவர்: வெயிலும் காற்றும். இரண்டும் கரைப்பானை விரைவாக ஆவியாக்குகின்றன. பாகுத்தன்மை மளமளவென்று ஏறுகிறது. மாணவன் செய்த பிழையும் இதுவே. இறுகத் தொடங்கிய பெயிண்டில் புதுக் கோடு போட்டான். அது மறைய நேரமில்லை.

காசிமேட்டில் காலை வெயில் கடற்பக்கத்திலிருந்து ஏறுகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்குகிறது. ஆகவே வெயில் சுடுமுன், நிழல் விழும் பக்கமாகப் பார்த்து அடிக்கிறார்கள். கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் சாலையின் புழுதி ஈரப்பூச்சில் ஒட்டாதிருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. மாலையில் நேரங்கழித்து அடிப்பதும் தவறு. சூரியன் மறைந்தபின் படகின் பரப்பு வானை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிக் குளிர்கிறது. பனிநிலைக்குக் கீழே சென்றால் அதில் நீர் படியும். காயாத பெயிண்ட் மங்கிப்போகும்.

அடியில் உப்பிருந்தால்

மேலே எவ்வளவு அழகாக அடித்தாலும் அடியில் உப்பிருந்தால் பயனில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே கரையும். பூச்சுக்கு அடியில் சிக்கிய உப்பு, சவ்வூடு பரவலால் நீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் எழுப்பும். எனவே முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும்.

பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது எச்சரிக்கை தேவை. பழம்பூச்சுகளில் காரீயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாதென்று இந்தியாவில் விதி நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். காரீயத் தூசு சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீர்த்தாளால் ஈரமாகத் தேய்த்தால் தூசு பறக்காது. மூக்கையும் வாயையும் மூடும் தகுந்த முகக்கவசம் அணிய வேண்டும். பிள்ளைகளை அருகில் விடக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் எவர்சில்வர் தட்டில் சிறிது தேனை அட்டைத்துண்டால் மெல்லியதாகப் பரப்புங்கள். ஒரு பாதியில் அகலப் பல் சீப்பாலும் மறுபாதியில் நெருக்கப் பல் சீப்பாலும் மெல்ல ஒரு முறை இழுத்துக் கோடிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். நெருக்கக் கோடுகள் சில வினாடிகளில் மறையும். அகலக் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். நான்காம் படியின் வலிமையை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

அந்தப் பெயிண்டர் ஆர்ச்சர்டின் சூத்திரத்தைப் படித்தவரல்லர். ஆனால் எப்போது கை வைக்க வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பல ஆண்டு வேலையில் கண்டறிந்தவர். அவர் சொன்னதைத்தான் சூத்திரமும் சொல்கிறது: கோட்டை நுண்மையாக்கு, பிறகு பொறுத்திரு.