மலையின் வேகமும் கமராவின் இடைவெளியும்

அப்புத்தளை நகரம் ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் அமைந்துள்ளது. அதன் ஒரு பக்கம் ஊவாவின் மலைத்தொடர்கள். மறுபக்கம் தெற்குச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் சரிவு. காலை வேளையில் அச்சமவெளி நெடுந்தூரம் தெளிவாகத் தெரியும். நண்பகல் கழிந்ததும், பெரும்பாலான நாட்களில், சரிவின் அடியிலிருந்து மூடுபனி ஏறிவந்து கடைத்தெருவையும் புகையிரதப் பாதையையும் மூடிக்கொண்டு மறுபக்கம் வழியும். பார்த்துக்கொண்டே நிற்பவருக்கு அது எப்போது வந்தது என்று சொல்ல இயலாது. சற்று முன் தெரிந்த மலை இப்பொழுது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்குப் பிடிபடாத இத்தகைய அசைவுகளைக் காட்டுவதற்கே காலத்தைச் சுருக்கிக் காட்டும் படமுறை தோன்றிற்று. சாதாரணத் திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் எடுக்கப்பட்டு, அதே வேகத்தில் காட்டப்படுகின்றன. எடுக்கும்போது மட்டும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சில செக்கன்களோ நிமிடங்களோ விட்டுவிட்டு, காட்டும்போது பழைய வேகத்திலேயே காட்டினால், மணித்தியாலங்கள் செக்கன்களாகச் சுருங்கிவிடும். ஜெர்மனியில் தாவரவியலறிஞர் வில்ஹெல்ம் பெஃபர் 1900ஆம் ஆண்டையொட்டி இம்முறையால் செடிகளின் அசைவைக் காட்டினார். இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் 1910இல் பூக்கள் மலர்வதைப் படமாக்கினார். ஜப்பானில் மசனாவோ அபே என்பவர் 1920களின் பிற்பகுதியில் பூஜி மலைக்கு எதிரே ஓர் ஆய்வுநிலையம் அமைத்து, மலைமேல் முகில்கள் உருவாகும் விதத்தைப் பல்லாண்டுகள் படமெடுத்து ஆராய்ந்தார். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நின்ற கேள்வி ஒன்றே: எத்தனை செக்கனுக்கு ஒரு படம்?

இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. பகல் ஒரு மணி முதல் நாலு மணி வரை மூடுபனி ஏறுவதைத் திரையில் அரை நிமிடத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அரை நிமிடத்துக்கு 720 படங்கள் வேண்டும். மூன்று மணித்தியாலம் என்பது 10,800 செக்கன். ஒன்றை மற்றதால் வகுத்தால் 15 செக்கனுக்கு ஒரு படம் என்று விடை வரும். நூல்கள் பலவும் இக்கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இது காட்டுபவனின் தேவையை மட்டுமே கேட்கும் கணக்கு. மூடுபனியின் வேகத்தை அது கேட்பதில்லை.

மூடுபனி செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் நகர்கிறது எனலாம். பதினைந்து செக்கனில் அது 75 மீற்றர் போய்விடும். படத்துக்குள் அடங்கும் மலையிடுக்கின் அகலம் 300 மீற்றரானால், நாலே படங்களில் மூடுபனி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாவிவிடும். திரையில் அது செக்கனில் ஆறிலொரு பங்கு. காண்பவர் மூடுபனியைக் காணமாட்டார்; வெண்மையான ஏதோ ஒன்று துடிப்பதையே காண்பார். இடைவெளியை மூன்று செக்கனாகக் குறைத்தால் அதே தூரத்தைக் கடக்க இருபது படங்கள் கிடைக்கும். அப்போது அது வழிவது தெரியும். படம் இரண்டரை நிமிடம் நீளுமே என்றால், வேண்டாத பகுதியை வெட்டிவிடலாம். நீண்ட படத்தைக் குறுக்க முடியும். எடுக்காத படத்தைப் பின்பு சேர்க்க முடியாது.

அதே கமராவைத் தெற்கே திருப்பி, தொலைவில் சமவெளிக்கு மேல் மிதக்கும் முகில்களைப் பிடிப்பதானால் பதினைந்து செக்கனே போதும். சில வேளை அரை நிமிடமும் போதும். முகிலின் வேகம் குறைந்ததனால் அல்ல, தூரம் கூடியதனால் படத்தில் அதன் நகர்வு சிறுத்துவிடுகிறது. ஆகவே இடைவெளியைத் தீர்மானிப்பது பொருளின் வேகம் மட்டுமன்று, படச்சட்டத்துக்குள் அது நகரும் வேகமே. ஒவ்வொரு படத்துக்கும் கமராவின் கண் திறந்திருக்கும் நேரத்தைச் சற்று நீட்டிவைப்பதும் நன்று. அசைவின் விளிம்பு சிறிது மங்கி, ஒரு படம் அடுத்ததோடு இழைந்து செல்லும். ஆனால் அந்த நேரம் தானாகவே மாறும்படி விட்டுவிட்டால் மூடுபனி வரும்போதெல்லாம் திரை மினுங்கும். தொடக்கத்திலேயே அளவை நிலைநிறுத்திவிட வேண்டும்.

தேயிலைக் கொழுந்துக்கு வேறு கணக்கு. ஒரு துளிர் ஏழு நாளில் விரிவதைக் காட்டப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் 1,008 படங்கள், அதாவது திரையில் 42 செக்கன் கிடைக்கும். துளிரின் வேகத்துக்கு இது தாராளம். தொல்லை தருவது காற்றுத்தான். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது, பத்து நிமிட இடைவெளியில் எடுத்த படங்களில் துளிர் ஒவ்வொன்றிலும் ஒவ்வோரிடத்தில் நிற்கும். வளர்ச்சி மறைந்து நடுக்கமே மிஞ்சும். சட்டியில் வளர்த்த செடியை அறைக்குள் வைத்து, ஒரே விளக்கொளியில் எடுப்பதே இதற்கு வழி.

இடைவெளி பொய் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. ஒரு மலையில் ஏழு நாளுக்கு ஒரு சுற்றுக் கொழுந்து பறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மலையை ஏழு நாளுக்கு ஒருமுறை, அதுவும் பறிப்பு முடிந்த மாலையில் படம் பிடித்தால், ஓராண்டுப் படத்திலும் செடிகளின் தலை மேசைபோல் மட்டமாகவே இருக்கும். அங்கே துளிர் விட்டதுமில்லை, கொழுந்து பறித்ததுமில்லை என்றே படம் சாட்சி சொல்லும். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு மட்டும் எடுத்தால் அப்புத்தளைக்கு மூடுபனியே வருவதில்லை என்றாகும். பொருளுக்கென்று ஒரு சுற்று இருக்குமானால், கமராவின் சுற்று அதனோடு ஒத்துப்போகாதிருக்க வேண்டும். அதைவிடப் பன்மடங்கு குறுகியதாய் இருத்தல் இன்னும் நல்லது. இன்றைய கைப்பேசிகள் சில, படப்பிடிப்பு நீள நீள இடைவெளியைத் தாமே கூட்டிக்கொள்கின்றன. வசதிதான்; ஆனால் எதிரில் நிற்பது மூடுபனியா, துளிரா என்பதை அவை ஆராய்வதில்லை.

மலைச்சரிவைக் கண்காணிக்கும் இடத்தில் இக்கணக்கு உயிரைப் பற்றியதாகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், அப்புத்தளைக்குத் தென்கிழக்கே கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மீது மலை சரிந்து விழுந்தது. பலர் மண்ணுள் புதைந்து மாண்டனர். பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். அவ்விடத்தின் ஆபத்துக் குறித்து 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. சரிவுகள் பல, ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஊர்கின்றன. முடிவில் நிமிடங்களில் விழுந்துவிடுகின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு வேகங்கள்.

ஊர்ந்து செல்லும் வேகத்துக்கு நாளுக்கு ஒரு படம் போதும். சரிவுக்கு எதிரே, அசையாத பாறையில் கமராவைப் பொருத்தி ஓராண்டு எடுத்தால் பதினைந்து செக்கன் படம் கிடைக்கும். சாய்ந்துவரும் மரங்களும், வெடிப்பின் இரு கரையிலும் அடித்த முளைகள் விலகிச் செல்வதும் அதில் புலப்படலாம். எனினும் குறித்த வேளையில் மூடுபனி மறைத்துவிட்டால் அந்நாள் வீணாகும். ஆகவே பகலில் மணித்தியாலத்துக்கு ஒன்றாக எடுத்து, நாளுக்குத் தெளிவான ஒன்றைத் தெரிந்துகொள்வதே அப்புத்தளைச் சீமைக்குப் பொருந்தும்.

அடைமழைக் காலத்தில் இது போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தம். 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், வெளியேற்றம். ஒரே 75 மில்லிமீற்றர் மழை, நாள் முழுவதும் தூறினால் முதற்படி. ஒரு மணித்தியாலத்தில் கொட்டினால் இறுதிப்படி. நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கப்படும் மழைமானி இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. கமராவுக்கு நேரும் குறையே மழைமானிக்கும் நேருகிறது.

எனவே சரிவை நோக்கும் கமராவின் இடைவெளியை மழைமானியோடு இணைப்பது அறிவுடைமை. உலர்ந்த நாட்களில் மணித்தியாலத்துக்கு ஒன்று; முதற்படி எட்டியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று; அதற்கு மேல் நிமிடத்துக்கு ஒன்று. மின்கலமும் சேமிப்பும் அமைதியான நாட்களில் வீணாகாமல், வேண்டிய நாளுக்கு மிஞ்சியிருக்கும். இரவிலும் கனத்த மூடுபனியிலும் கமரா குருடு என்பதால், வெடிப்பின் குறுக்கே கம்பி கட்டி விலகலை அளக்கும் கருவியும் அருகில் இருத்தல் வேண்டும். மழை விட்டவுடன் பழைய இடைவெளிக்குத் திரும்பிவிடுவதும் சரியன்று. மண்ணுக்குள் இறங்கிய நீர் வடியச் சில நாட்கள் செல்லும்; அதுவரை குறுகிய இடைவெளியே நீடிக்க வேண்டும்.