காம்பிங் சமையல்: எந்த நெருப்பைத் தெரிவு செய்வது?

கோடை விடுமுறையும் ஈஸ்டர் விடுமுறையும் வந்தால் எங்களுடைய குடும்பங்கள் பலவும் கூடாரங்களுடன் காம்பிங் புறப்பட்டுவிடுகின்றன. இங்கே அவுஸ்திரேலியாவில் காம்ப் அவன் என்று சொல்லப்படும் பாரமான வார்ப்பிரும்புச் சட்டியில் ஆட்டிறைச்சிக் கறியும் பாணும் செய்வது இப்போது எங்களவர் மத்தியிலும் பரவிவிட்டது. அதை எந்த நெருப்பில் வைப்பது என்பது ருசியை மட்டும் பொறுத்த விடயம் அல்ல.

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, நாலு வயதுச் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் என்னிடம் வந்தார்கள். முதல் நாள் காலை வெறுங்காலுடன் ஓடியபோது, இரவு சமைத்த இடத்தை மிதித்துவிட்டான். "இரவே மண் போட்டு மூடிவிட்டோமே, டொக்டர்" என்றார் தகப்பன். அவர் கவனமில்லாதவர் அல்ல. ஆனால் மண் தணலை அணைப்பதில்லை, போர்வை போலச் சூட்டைக் காத்து வைக்கிறது. எட்டு மணித்தியாலம் சென்றாலும் அது தோலைச் சுடும். மேலே நெருப்புத் தெரியாததால் பிள்ளைக்கும் விளங்காது. அந்தச் சிறுவனுக்குத் தோல் ஒட்டவேண்டி வந்தது.

விறகு

சுவாலையில் சட்டியை வைக்காதீர்கள். முக்கால் மணித்தியாலமாவது எரியவிட்டு, தணலான பின் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் புகை வராத பக்கம் இருக்கவேண்டும், இன்ஹேலரைக் கையில் வைத்திருக்கவேண்டும். பழைய வேலிக் கட்டைகள், மருந்தூட்டிய பலகைகளை எரிக்கவே வேண்டாம். அவற்றில் ஆர்செனிக் இருக்கக்கூடும். அது புகையிலும் சாம்பலிலும் சேரும். ஆற்றுக் கற்களை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும்.

கரிக்கட்டி

சூட்டைக் கணக்காக வைத்திருக்க இதுவே சுலபம். சாம்பல் பூத்த பிறகு பாவியுங்கள். 12 அங்குலச் சட்டிக்கு 24 கட்டிகள் போட்டால் ஏறத்தாழ 175 பாகை செல்சியஸ் வரும். பாண், கேக் என்றால் கீழே 8, மூடியின் மேல் 16. கறி என்றால் கீழே கூடுதலாக வையுங்கள். ஊரில் மேலும் கீழும் தணல் வைத்து அப்பம் சுட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கோழி இறைச்சியின் நடுப்பகுதி 75 பாகை வரை சூடாகவேண்டும்.

கரியின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மழையோ குளிரோ வந்தால் சிலர் தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகிறார்கள். அணைவது போலத் தெரியும் கரியும் காபன் மொனொக்சைட் வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, பிறகு மயக்கம். நித்திரையில் இருப்பவர் எழும்பாமலே போய்விடலாம். கூடாரக் கதவைத் திறந்து வைப்பது போதாது. காஸ் அடுப்புக்கும் இதே விதிதான். கூடாரத்தில் பலருக்கு ஒன்றாகத் தலையிடி வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 000 ஐ அழையுங்கள்.

காஸ் அடுப்பு

புகை இல்லை, திருப்பினால் அணைந்துவிடும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு என் முதல் தெரிவு இதுதான். காலில்லாத, அடி தட்டையான சட்டி வேண்டும். பக்கத்தில் சிறு காஸ் குப்பி பொருத்தும் அடுப்பில் பெரிய வார்ப்பிரும்புச் சட்டி வைக்காதீர்கள். அது குப்பியின் மேல் நீட்டி நின்று சூடாக்கினால் குப்பி வெடிக்கலாம்.

முழுத் தீத்தடை நாட்களில் திறந்த வெளியில் விறகும் கரியும் கூடாது. விக்ரோறியாவில் அன்று காஸ் அடுப்புக்கும் நிபந்தனைகள் உண்டு: சுற்றிலும் 3 மீற்றருக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது, 10 லீற்றர் தண்ணீர் அருகில் இருக்கவேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். மற்ற மாநிலங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் விதிகள் வேறுபடும். புறப்பட முன் பாருங்கள்.

அணைப்பதும் முதலுதவியும்

படுக்கப்போக முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றுங்கள். மண் போட்டு மூடாதீர்கள்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், வெண்ணெய், பற்பசை வேண்டாம். பிறகு உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் மூடி வைத்தியரிடம் வாருங்கள்.

1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து இருந்தபோது, அம்மா மூன்று கல் வைத்து, கிடைத்த விறகில் எங்களுக்குச் சமைத்தார். எதை எரிப்பது என்று தெரிவுசெய்யும் நிலை அன்று இருக்கவில்லை. இன்று எங்களுக்கு அது இருக்கிறது. யோசித்துத் தெரிவு செய்யுங்கள். சந்தோசமாகப் போய், சுகமாகத் திரும்பி வாருங்கள்.